‘ஃபங்கி டிரம்மர்’ வாசித்தவருக்குக் கிடைத்தது என்ன? ஹிப்-ஹாப்பில் சாம்பிள் ஆன பழைய சோல், ஃபங்க் தட்டுகள்

#1 தட்டுப்பிரியன்

ராப் கேட்பவர்களில் டிரம்மர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டின் வாசிப்பைக் கேட்காதவர் இருக்க முடியாது. அவருடைய பெயரைக் கேள்விப்பட்டவர்கள்தாம் குறைவு.

1969 நவம்பர் 20 அன்று அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் சோல், ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் தன் குழுவோடு ‘ஃபங்கி டிரம்மர்’ பாடலைப் பதிவு செய்தார். டிரம்ஸ் வாசித்தவர் ஸ்டபிள்ஃபீல்ட். அடுத்த ஆண்டு அதை இரண்டாக வெட்டி, சிறிய இசைத்தட்டின் இரு பக்கங்களிலும் போட்டு வெளியிட்டார்கள். பிரவுனின் பெரிய வெற்றிகளின் வரிசையில் அன்று யாரும் அதைச் சேர்க்கவில்லை. 1986-ல் வந்த ‘இன் த ஜங்கிள் குரூவ்’ தொகுப்பில்தான் ஒன்பது நிமிடத்துக்கும் மேல் நீளும் முழு வடிவம் கிடைத்தது. ஐந்து நிமிடம் தாண்டிய பிறகு மற்ற வாத்தியங்கள் ஒதுங்கிக்கொள்ள, எட்டுத் தாளவட்டத்துக்கு டிரம்ஸ் மட்டும் ஓடுகிறது. சுமார் இருபது விநாடி.

பப்ளிக் எனிமி, எல்எல் கூல் ஜே, என்.டபிள்யூ.ஏ எல்லாரும் அந்த இருபது விநாடியைத் தட்டிலிருந்து வெட்டி எடுத்துத் தங்கள் பாட்டில் வைத்தார்கள். இதைத்தான் ‘சாம்பிள்’ என்கிறோம். ஹிப்-ஹாப்புக்கு வெளியே ஷினேட் ஓ'கானரும் ஜார்ஜ் மைக்கேலும்கூட எடுத்தார்கள். பாடலை இயற்றியவர் என்ற இடத்தில் இருப்பது ஜேம்ஸ் பிரவுன் பெயர் மட்டுமே. ஸ்டபிள்ஃபீல்டுக்கு இந்தச் சாம்பிள்களிலிருந்து ராயல்டி எதுவும் வரவில்லை. விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் திங்கட்கிழமை இரவுகளில் வாசித்துக்கொண்டு வாழ்ந்தார். புற்றுநோய் வந்தபோது மருத்துவச் செலவில் சுமார் 90,000 டாலரைப் பாடகர் பிரின்ஸ் யாருக்கும் தெரியாமல் கட்டினார். 2016-ல் பிரின்ஸ் இறந்த பிறகுதான் இந்த விஷயம் வெளியே வந்தது. 2017 பிப்ரவரியில் ஸ்டபிள்ஃபீல்டும் போய்விட்டார்.

‘சாம்பிளிங் என்பது திருட்டு’ என்ற பேச்சு எழும்போதெல்லாம் ராப் இசைஞர்களைத்தான் கூண்டில் ஏற்றுகிறோம். இந்த வாசிப்பு 1986-ல் களவு போனதா, 1969-லேயே போய்விட்டதா? உங்கள் கருத்துகளை எழுதுங்கள். சான்றோடு எழுதினால் மகிழ்ச்சி.

#2 மேளக்காரன்

நான் டிரம்ஸ் வாசிப்பவன். திருமணக் கச்சேரி, கோயில் திருவிழா மேடை, எது வந்தாலும் வாசிப்பேன். அந்த இருபது விநாடியை மெதுவாக்கிக் கேட்டால்தான் அதில் என்ன நடக்கிறது என்று புரியும்.

வலது கை ஹை-ஹாட்டில் (மிதித்தால் மூடும் ஜோடித் தாளத்தட்டு) பதினாறாம் பங்கு அடிகளை நிறுத்தாமல் போட்டுக்கொண்டே இருக்கிறது. இடையிடையே ஹை-ஹாட் ஒரு கணம் திறந்து மூடுகிறது. ஸ்னேரில் (கூர்மையாக ஒலிக்கும் சிறு டிரம்) இரண்டாம், நான்காம் அடிகள் ஓங்கி விழுகின்றன. விஷயம் அவற்றுக்கு நடுவே இருக்கிறது. இடது கை குச்சியைத் தோலின் மேல் தொட்டும் தொடாமலும் விடுகிற சின்னச் சின்ன அடிகள் உண்டு. ‘கோஸ்ட் நோட்’ என்போம். அவை தனியாகக் காதில் விழாது. எடுத்துவிட்டால் தாளம் செத்துவிடும். ஒரு தாளவட்டத்துக்கும் அடுத்ததற்கும் இவற்றின் அழுத்தம் கொஞ்சம் கொஞ்சம் மாறுகிறது. லூப் போட்டு, அதாவது அதே துண்டைத் திரும்பத் திரும்ப, நூறு முறை ஓட்டினாலும் சலிக்காததற்கு அதுதான் காரணம் என்பேன்.

அந்த இடத்துக்குச் சற்று முன் ஜேம்ஸ் பிரவுன் பேசுவதையும் கவனியுங்கள். தனியாக வித்தை எதுவும் காட்டவேண்டாம், இப்போது போடுவதையே போடு என்று டிரம்மரிடம் சொல்கிறார். தனி ஆவர்த்தனத்துக்கு விட்டுவிட்டு, வெறும் சொல்லையே வாசி என்று மிருதங்கக்காரரிடம் பாடகர் சொன்னால் எப்படியிருக்கும், அப்படி. அவர் ஒரு ‘சோலோ’ வாசித்துத் தள்ளியிருந்தால் யாராலும் அதை லூப் செய்திருக்க முடியாது.

யார் சொத்து என்பது எனக்கு முடிவாகத் தெரிந்த விஷயம். அந்தக் கை யாருடையதோ அவருடையது.

#3 வழக்குரை

மேளக்காரன், உங்கள் நியாயம் எனக்குப் புரிகிறது. சட்டத்துக்குப் புரியாது.

ஒரு பாட்டுத் தட்டில் இரண்டு தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. ஒன்று பாடல்: மெட்டு, வரிகள். இது இயற்றியவருக்கும் அவருடைய பதிப்பு நிறுவனத்துக்கும் உரியது. மற்றது ஒலிப்பதிவு, அதாவது மாஸ்டர். அது பெரும்பாலும் தட்டு நிறுவனத்தின் கையில் இருக்கும். சாம்பிள் எடுப்பவர் இரண்டு வாசலிலும் அனுமதி வாங்கவேண்டும். கூலிக்கு வந்து டிரம்ஸ் வாசித்தவர் இந்த இரண்டு வாசலுக்கும் வெளியே நிற்கிறார். தாளத்தை ‘இயற்றுதல்’ என்று கணக்கில் எடுக்கும் பழக்கம் அந்தத் தொழிலில் இருந்ததில்லை. மெட்டைப் பியானோவில் முணுமுணுத்தவருக்குப் பங்கு உண்டு, தாளத்தைக் கண்டுபிடித்தவருக்கு இல்லை.

அமெரிக்காவில் செயற்கைக்கோள் வானொலிக்கும் இணைய வானொலிக்கும் ஒரு சிறு ஏற்பாடு உண்டு. வரும் பணத்தில் 50% மாஸ்டர் வைத்திருப்பவருக்கு, 45% பெயர் போட்ட கலைஞருக்கு, மிச்சமுள்ள 5% பெயர் போடாத பின்னணி இசைஞர்களுக்கான நிதிக்கு. சாதாரண வானொலி வாசித்தவருக்கு ஒரு காசும் தரவேண்டியதில்லை.

#4 இசைப்பித்தன்

நான் இந்த விவாதத்தில் பழைய கட்சிக்காரன். ஐசக் ஹேய்ஸ், ஓடிஸ் ரெடிங், அல் கிரீன் என்று வாழ்ந்துவிட்டவன். டிரம்மருக்கு அநியாயம் நடந்தது உண்மை. அதனால் பின்னால் வந்தவர்கள் செய்தது நியாயமாகிவிடுமா? முதலாளி ஏமாற்றினான் என்பதற்காக வழிப்போக்கனும் பையில் கைவிடலாமா?

இன்னொன்றும் கேட்கிறேன். வாத்தியம் கற்றுக்கொள்ள ஒருவனுக்குப் பத்து வருடம் ஆகிறது. இவர்கள் பொத்தானை அமுக்கி அவனுடைய பத்து வருடத்தை எடுத்துக்கொள்கிறார்கள். இதில் கலை எங்கே இருக்கிறது?

#5 தேன்மொழி

இசைப்பித்தன் ஐயா, பொத்தானை அமுக்குவது சுலபம்தான். எந்தத் தட்டில், எந்த விநாடியில் அமுக்குவது என்பதில்தான் கலை இருக்கிறது. நான் வீட்டில் பீட், அதாவது ராப்புக்கான பின்னணி இசை, செய்து பழகுபவள். சும்மா சொல்லவில்லை.

1987-ல் வந்த எஸ்பி-1200 என்ற சாம்பிள் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த நினைவகம் சுமார் பத்து விநாடி. ஒரு துண்டுக்கு உச்சம் 2.5 விநாடி. இதை வைத்துக்கொண்டு முழுப் பாட்டு செய்யவேண்டும். அதற்கு ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். 33 சுற்றில் ஓடவேண்டிய பெரிய தட்டை 45 சுற்றில் ஓட்டிப் பதிவு செய்வார்கள். மூன்று விநாடித் துண்டு சுமார் 2.2 விநாடியில் அடங்கிவிடும். பிறகு கருவிக்குள்ளேயே சுருதியைக் கீழே இறக்கினால் பழைய வேகம் திரும்பும். ஆனால் ஒலி பழையபடி இருக்காது. 12 பிட் கருவியில் இப்படி இழுக்கும்போது சத்தத்தில் ஒரு மணல் படிகிறது, ஓரங்கள் முரடாகின்றன. தொண்ணூறுகளின் நியூயார்க் ஒலி என்று நாம் மயங்குவதில் பாதி, இடம் போதாமல் செய்த சிக்கனம்.

ராப் தயாரிப்பாளர் மார்லி மார்ல் கதையும் இதில் சேரும். வேறு எதையோ பதிவு செய்யப் போய், ஒரு ஸ்னேர் அடி தனியாக மாட்டிக்கொண்டது. அதை விசையில் வைத்துத் தட்டிப் பார்த்தார். பழைய தட்டின் டிரம்ஸைப் பிரித்து எடுத்து, தன் தாளத்தை அதே ஒலியில் தானே வாசிக்கலாம் என்று புரிந்தது. ஹனி டிரிப்பர்ஸின் ‘இம்பீச் த பிரசிடென்ட்’ (1973, நிக்சன் காலத்துப் பாட்டு) அப்படித்தான் எம்சி ஷானின் ‘த பிரிட்ஜ்’ பாட்டுக்குள் வந்தது. அந்த கிக்கையும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஸ்னேரையும் அதற்குப் பிறகு எத்தனை பேர் எடுத்தார்கள் என்று எண்ணி முடியாது.

#6 தட்டுப்பிரியன்

கருவி வருவதற்கு முன்பே இது தொடங்கிவிட்டது. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிரான்க்ஸில் 1520 செட்ஜ்விக் அவென்யூ கட்டடத்தில் டிஜே கூல் ஹெர்க் தன் தங்கைக்காக நடத்திய விருந்தைத்தான் ஹிப்-ஹாப்பின் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஆடுபவர்கள் டிரம்ஸ் மட்டும் வரும் இடத்துக்காகக் காத்திருப்பதைக் கவனித்த ஹெர்க், இரண்டு தட்டுகளை மாற்றி மாற்றி ஓட்டி அந்த இடத்தை மட்டும் நீட்டினார். ஜேம்ஸ் பிரவுனும் இன்க்ரெடிபிள் பாங்கோ பேண்டின் ‘அப்பாச்சி’யும் அவர் பெட்டியில் எப்போதும் இருந்தவை.

தட்டில் ஏறிய முதல் பெரிய வெற்றி 1979-ல் சுகர்ஹில் கேங் பாடியது. அதில் சாம்பிளே இல்லை. ஷிக் குழுவின் ‘குட் டைம்ஸ்’ தாளத்தை இசைஞர்களை வைத்துத் திரும்ப வாசித்தார்கள். ஷிக்கின் நைல் ராட்ஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் வழக்குப் போடப்போவதாகச் சொன்னதும் பாடலாசிரியர் பட்டியலில் அவர்கள் பெயர் ஏறியது. ‘திருடினார்கள்’ என்ற பேச்சும் ‘பெயர் போட்டுக் காசு கொடுத்தார்கள்’ என்ற முடிவும் முதல் நாளிலிருந்தே சேர்ந்தே வருகின்றன.

#7 வழக்குரை

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். 1989-ல் வந்த டி லா சோலின் முதல் ஆல்பமும் பீஸ்டி பாய்ஸின் ‘பால்ஸ் பூட்டிக்’கும் அந்தக் காலத்துப் பிள்ளைகள். ‘பால்ஸ் பூட்டிக்’கில் நூற்றுக்கும் மேற்பட்ட சாம்பிள்கள் இருக்கின்றன. பப்ளிக் எனிமிக்கு இசை கட்டிய பாம் ஸ்குவாட், ஒரே பாட்டில் டசன் கணக்கில் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்கள்.

1991 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றம் கதவைச் சாத்தியது. ராப் பாடகர் பிஸ் மார்க்கி, பாடகர் கில்பர்ட் ஓ'சல்லிவனின் பாட்டிலிருந்து ஒரு பகுதியை எடுத்திருந்தார். அனுமதி கேட்டிருந்தார்கள், பதில் வரும் முன்பே ஆல்பம் கடைக்குப் போய்விட்டது. நீதிபதி கெவின் டஃபி தீர்ப்பின் முதல் வரியிலேயே விவிலியத்தின் ‘களவு செய்யாதே’ கட்டளையை எழுதினார். குற்ற வழக்குத் தொடர முடியுமா என்று பார்க்கும்படி அரசு வழக்கறிஞருக்கும் அனுப்பிவைத்தார். பிஸ் மார்க்கி அடுத்த ஆல்பத்துக்கு ‘எல்லாச் சாம்பிளுக்கும் அனுமதி வாங்கியாயிற்று’ என்ற பொருளில் பெயர் வைத்தார். மனிதருக்கு நகைச்சுவை உணர்வு போகவில்லை.

#8 இசைப்பித்தன்

நல்ல தீர்ப்பு. அதற்குப் பிறகாவது பழைய ஆட்களுக்குக் காசு போயிருக்குமே.

#9 தட்டுப்பிரியன்

போயிற்று. யாருக்கு என்பதுதான் கேள்வி.

ஜார்ஜ் கிளின்டனின் ஃபங்கடெலிக் பாடல்களைப் பாருங்கள். அவற்றில் பெரும்பகுதியின் உரிமை பிரிட்ஜ்போர்ட் மியூசிக் என்ற நிறுவனத்திடம் இருக்கிறது. கிளின்டன் அதை எதிர்த்து நீதிமன்றம் போய்த் தோற்றார். 2001-ல் அதே நிறுவனம் சாம்பிள் தொடர்பாகச் சுமார் 800 பிரதிவாதிகள் மீது ஏறக்குறைய 500 குற்றச்சாட்டுகளோடு வழக்குப் போட்டது. அதில் ஒன்று ஃபங்கடெலிக் பாட்டின் தொடக்கத்தில் வரும் இரண்டு விநாடி கிட்டார். என்.டபிள்யூ.ஏ அதன் சுருதியைக் குறைத்து, பதினாறு அடிக்கு நீட்டிப் பயன்படுத்தியிருந்தது. காது கொடுத்துத் தேடினாலும் கண்டுபிடிப்பது கடினம். 2005-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒலிப்பதிவு விஷயத்தில் அளவே பொருட்டில்லை, உரிமம் வாங்கு, இல்லையேல் எடுக்காதே என்று சொல்லிவிட்டது. அந்த கிட்டாரை மீட்டிய விரலுக்கு அந்தத் தீர்ப்பால் என்ன லாபம்?

ஐசக் ஹேய்ஸ் உங்கள் ஆள் என்கிறீர்கள். 1976-ல் அவர் திவாலானபோது, அதுவரை எழுதிய பாடல்களின் ராயல்டி உரிமையும் கையைவிட்டுப் போயிற்று. அவரும் டேவிட் போர்ட்டரும் சேர்ந்து எழுதி, 1967-ல் த சார்மெல்ஸ் பாடிய பாட்டை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? 1993-ல் வு-டாங் கிளான் அதன் தொடக்கத்தை எடுத்து ‘கிரீம்’ என்ற பாட்டைச் செய்தார்கள். அந்தப் பியானோ இன்று உலகம் முழுக்கத் தெரியும். பாடிய பெண்களின் பெயர் தெரியாது.

#10 வழக்குரை

ஒரு சிறு குறிப்பு. 2016-ல் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் நேரெதிராகத் தீர்ப்பளித்தது. மடோனாவின் ‘வோக்’ பாட்டில் 0.23 விநாடி அளவுள்ள ஊதுகருவி ஒலி பற்றிய வழக்கு அது. அவ்வளவு சிறிய துண்டுக்கு உரிமம் வேண்டியதில்லை என்றது. ஆகவே அமெரிக்காவில் எந்த மாநிலத்தில் வழக்கு நடக்கிறது என்பதைப் பொறுத்து விடை மாறும்.

ராப் தயாரிப்பாளர் டாக்டர் டிரே இந்தச் சிக்கலை வேறு வழியில் கடந்தார். 1992-ல் ‘த க்ரானிக்’ செய்தபோது பல இடங்களில் பழைய ஃபங்க் வரிகளை ஸ்டுடியோ இசைஞர்களைக் கொண்டு திரும்ப வாசிக்க வைத்தார். அப்போது பாடல் உரிமைக்கு மட்டும் பணம் கட்டினால் போதும், மாஸ்டர் உரிமைக்கு வேண்டாம்.

#11 இசைப்பித்தன்

நீங்கள் எல்லாரும் இசைஞன் ஏமாளி என்றே எழுதிக்கொண்டு போகிறீர்கள். எதிர்த்து நின்றவர்களும் இருக்கிறார்கள். சிகாகோவின் சில் ஜான்சன் தன் தட்டுகளிலிருந்து எடுத்தவர்களை விடாமல் துரத்தினார். கான்யே வெஸ்டும் ஜே-சீயும்கூட 2012-ல் அவரோடு சமரசம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று. ஆங்கிலேயப் பாடகர் லாபி சிஃப்ரேயிடம் எமினெமுக்காக அவருடைய 1975-ஆம் ஆண்டுப் பாட்டைக் கேட்டபோது, பெண்களையும் ஒருபால் ஈர்ப்பினரையும் இழிவுபடுத்தும் வரிகளை எடுத்தால்தான் தருவேன் என்றார். வரிகள் மாறிய பிறகே அனுமதித்தார். உரிமை கையில் இருந்தால் காசு மட்டுமா, மானமும் பிழைக்கும்.

#12 வழக்குரை

சிஃப்ரே விஷயம் நூற்றுக்கு நூறு சரி. அவர் தானே எழுதித் தானே பாடியவர், அதனால் அவரிடம் கேட்டாக வேண்டியிருந்தது.

சில் ஜான்சனின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். சைப்ரஸ் ஹில் மீது போட்ட வழக்கில் 2011-ல் அவர் தோற்றார். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். 1972 பிப்ரவரி 15-க்கு முன் பதிவான ஒலிக்கு அமெரிக்க மத்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் அப்போது இடமில்லை. மாநிலச் சட்டங்கள்தாம் காப்பு. அவருடைய தட்டு அதற்கு முந்தையது. 2018-ல்தான் பழைய பதிவுகளுக்கும் மத்தியச் சட்டத்தின் காப்பு கிடைத்தது. சோல் இசையின் பொற்காலம் எது என்று உங்களுக்குத் தெரியும். அதில் பெரும்பகுதி அந்தத் தேதிக்கு முன்னால் வருகிறது.

#13 புதுவரவு

வணக்கம். நான் கல்லூரி மாணவன், இந்த இழையை இரவு முழுக்கப் படித்தேன். மூலத் தட்டையும் சாம்பிளையும் அடுத்தடுத்துக் கேட்க எதிலிருந்து தொடங்குவது? இளையராஜாவின் ‘தளபதி’ பாட்டை எம்.ஐ.ஏ எடுத்தது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

#14 மட்டுறுத்துநர்

‘காட்டுக்குயிலு’, எம்.ஐ.ஏ, 2007-ஆம் ஆண்டு ஆல்பம் பற்றிப் பேச ஏற்கெனவே தனி இழை இருக்கிறது. இங்கே சோல், ஃபங்க் தட்டுகளோடு நிறுத்திக்கொள்வோம்.

#15 தேன்மொழி

தம்பி, தயாரிப்பாளர் பீட் ராக்கிலிருந்து தொடங்குங்கள். 1992-ல் அவரும் சிஎல் ஸ்மூத்தும், இறந்துபோன நண்பர் டிராய் டிக்சனுக்காகச் செய்த பாட்டு ஒன்று இருக்கிறது. அதன் சாக்ஸபோன் டாம் ஸ்காட்டின் 1967-ஆம் ஆண்டுத் தட்டிலிருந்து வந்தது. அது ஜாஸ் தட்டு, சோல் அல்ல, பரவாயில்லை. மூலத்தை முழுதாகக் கேளுங்கள். அந்த சாக்ஸபோன் வரி வந்து போய்விடும், நீங்கள் கவனிக்காமலேகூட விட்டுவிடலாம். அதை நிறுத்தி, ‘இதுதான் துக்கம்’ என்று ஒருவர் காது சொல்லியிருக்கிறது. இசைப்பித்தன் ஐயா கேட்ட ‘கலை எங்கே’ என்பதற்கு என் விடை இந்தப் பாட்டு.

அடுத்து ஜே டில்லாவின் ‘டோனட்ஸ்’. 2006 பிப்ரவரி 7 அன்று வெளியானது, மூன்று நாளில் அவர் இறந்தார். பழைய சோல் குரல்களை அசைக்கு நடுவிலேயே வெட்டியிருப்பார். முதல் தடவை எரிச்சல் வரும். விடாமல் கேளுங்கள்.

லின் காலின்ஸின் ‘திங்க்’ (1972) கேட்டுவிட்டு ராப் பேஸின் ‘இட் டேக்ஸ் டூ’ (1988) கேட்டால் சிரிப்பு வரும். அவ்வளவு கொண்டாட்டம். அந்த டிரம்ஸ் வாசித்தவர் ஜாபோ ஸ்டார்க்ஸ், பிரவுனின் குழுவில் ஸ்டபிள்ஃபீல்டோடு சேர்ந்து வாசித்த இன்னொரு டிரம்மர்.

#16 மேளக்காரன்

‘ஆமென், பிரதர்’ பெயரை இதுவரை யாரும் எடுக்கவில்லையே என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

த வின்ஸ்டன்ஸ் குழுவின் தட்டு, 1969. ஏ பக்கத்தில் இருந்த ‘கலர் ஹிம் ஃபாதர்’ கிராமி விருது வாங்கியது. பி பக்கத்தை நிரப்ப அவசரமாகப் போட்ட வாத்திய இசைதான் இது. நடுவில் கிரிகரி கோல்மன் நான்கு தாளவட்டம் தனியாக வாசிக்கிறார். ஏறக்குறைய ஏழு விநாடி. என்.டபிள்யூ.ஏ-வின் ‘ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்’ அதன் மேல் ஓடுகிறது. வேகத்தை ஏற்றினால் அதுதான் இங்கிலாந்தின் ஜங்கிள் இசை, டிரம் அண்ட் பேஸ் இசை, ஒரு வகைமை முழுவதும்.

கோல்மன் 2006-ல் அட்லாண்டாவில் வீடில்லாமல் இறந்தார். தன் வாசிப்பு உலகம் சுற்றியது அவருக்குத் தெரிந்திருந்ததா என்பதே சந்தேகம். குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 1990-களின் நடுவில்தான் தெரியவந்தது. அதற்குள் வழக்குத் தொடரும் கெடு தாண்டிவிட்டது. 2015-ல் இங்கிலாந்தில் இரண்டு பேர் இணையத்தில் உண்டியல் வைத்து சுமார் 24,000 பவுண்டு திரட்டி அவருக்குக் கொடுத்தார்கள். சட்டம் கொடுக்காததை ஆடியவர்கள் கொடுத்தார்கள்.

#17 இசைப்பித்தன்

கொடுத்தது நல்ல காரியம். உண்டியல் காசு ராயல்டி ஆகாது, தம்பி.

#18 தட்டுப்பிரியன்

ஆகாது. தாளத்தை உருவாக்கிய இசைஞருக்கும் சாம்பிள் பணத்தில் பங்கு என்று அனுமதி ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள எந்தச் சட்டமும் தடையாக இல்லை. மாஸ்டர் வைத்திருப்பவர்கள் கேட்கவில்லை, அனுமதி வாங்குபவர்களும் கேட்கவில்லை. இரண்டு பக்கத்திலும் வழக்கறிஞர்கள் இருந்தார்கள், டிரம்மருக்கு இல்லை.

டி லா சோலின் பழைய ஆல்பங்களையும் இதே ஒப்பந்தச் சிக்கல்தான் கட்டிப்போட்டது. அன்று எழுதிய அனுமதிகளில் இணைய வெளியீடு பற்றிப் பேச்சில்லை. 2023 மார்ச் 3 அன்றுதான் அவை ஸ்ட்ரீமிங்கில் வந்தன. குழுவின் டிரூகாய் அதற்கு மூன்று வாரம் முன்பு, பிப்ரவரி 12 அன்று இறந்துவிட்டார். சாம்பிள் எடுத்தவர்களையும் எடுக்கப்பட்டவர்களையும் எதிரெதிர்க் கட்சியாகப் பார்க்க என்னால் முடியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

#19 புதுவரவு

தேன்மொழி அக்கா சொன்னபடி டாம் ஸ்காட் தட்டைக் கேட்டேன். அந்த சாக்ஸபோன் வந்த இடத்தை முதல் தடவை தவறவிட்டுவிட்டேன். இப்போது ‘ஃபங்கி டிரம்மர்’ முழு வடிவம் ஓடிக்கொண்டிருக்கிறது. மேளக்காரன் அண்ணா, அந்த ‘கோஸ்ட் நோட்’ கேட்க ஹெட்ஃபோன் வேண்டுமா, சாதாரண ஸ்பீக்கர் போதுமா?

#20 மேளக்காரன்

ஹெட்ஃபோன் போடுங்கள், தம்பி. வேகத்தைப் பாதியாக்கி, ஸ்னேரின் இரண்டு பெரிய அடிகளுக்கு நடுவில் மட்டும் காதை வையுங்கள். கைபேசி ஸ்பீக்கரில் ஒன்றும் கேட்காது.